கண்காட்சிக் கால அட்டை வேலைகள்: மூன்று கட்டத்தில் ஒரு திட்டம்

சென்னைப் புத்தகக் கண்காட்சி நெருங்கினால் அட்டை வடிவமைக்கிறவர்களுக்குத் தூக்கம் போய்விடும். ஒவ்வொரு பதிப்பாளருக்கும் அவருடைய புத்தகம்தான் முதலில் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பதிப்பகங்களுக்கு வேலை செய்கிற ஃப்ரீலான்ஸர்களுக்காக, நான் இப்போது பின்பற்றும் முறையை எழுதுகிறேன். இன்டிசைன், கோரல்டிரா போன்ற வடிவமைப்பு மென்பொருள் ஒன்றாவது கைவந்தவர்கள் என்று வைத்துக்கொண்டு நேராகத் திட்டமிடலுக்கே வந்துவிடுகிறேன்.

1. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

"போன வருஷம் மாதிரிதான்" என்ற கணக்கு இங்கே உதவாது. பபாசி (தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம்) நடத்தும் இந்தக் கண்காட்சி பொங்கலை ஒட்டி வந்தாலும் தொடக்க நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். 2024 ஜனவரி 3-ல் தொடங்கியது. அடுத்ததோ 2024 டிசம்பர் 27-லேயே தொடங்கிவிட்டது. ஒரு வாரம் முன்னால் வந்தால் உங்கள் டிசம்பர் முழுக்கக் கலைந்துவிடும்.

அதனால் அறிவிப்பு வந்ததும் அச்சகத்துக்கு ஒரு போன் போடுங்கள். அச்சு, லேமினேஷன், பைண்டிங், அரங்குக்கு வண்டி எல்லாம் சேர்த்து எத்தனை நாள் என்று கேளுங்கள். ஜனவரி 3 தொடக்கம், பத்து நாள் வேண்டும் என்றால் டிசம்பர் 24-க்குள் கோப்பு போக வேண்டும். மறுநாள் கிறிஸ்துமஸ். ஆகவே 22 என்று எழுதிவையுங்கள். பதிப்பாளரிடமும் 22 என்றே சொல்லுங்கள்.

2. "யார் கையில்?" என்று பிரியுங்கள்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். "நாவல் அட்டை முடிக்க வேண்டும்" என்று பட்டியலில் எழுதி வைத்தால் அது ஒரு வாரம் அப்படியே கிடக்கும். ஏனென்றால் அது ஒரு வேலை இல்லை, ஏழெட்டு வேலை. அதில் பாதி நம்முடையதே இல்லை.

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: என் கையில், அவர் கையில், அச்சகத்தில். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் புத்தகப் பெயரோடு அடுத்து நடக்க வேண்டிய ஒரே ஒரு காரியம், அதற்கான நாள். என் மேசையில் இப்போது இருக்கும் ஒரு சீட்டு இது:

*சிறுகதைத் தொகுப்பு – பக்க எண்ணிக்கை வரவில்லை – செவ்வாய் காலை கேட்க.*

இது "அவர் கையில்" கட்டத்தில் இருக்கிறது. செவ்வாய் வரை இதைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியதில்லை.

பக்க எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், ஸ்பைன், அதாவது புத்தகத்தின் முதுகு, எவ்வளவு அகலம் என்பது அதில்தான் தொங்குகிறது. 240 பக்கம் என்றால் 120 தாள். தாள் ஒன்றின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் ஸ்பைன் 12 மி.மீ. கடைசி நேரத்தில் ஆசிரியர் ஒரு நீண்ட முன்னுரையைச் சேர்த்து 256 ஆக்கினால் 12.8. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லைதான். ஆனால் ஸ்பைனுக்கு மட்டும் தனி நிறம் கொடுத்திருந்தால் நிறமும் மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. விளிம்பில் ஒரு கோடு கோணலாகத் தெரியும். தாளுக்குத் தாள் தடிமன் மாறும் என்பதால் அந்த 0.1-ஐயும் அச்சகத்தில் கேட்டே போடுங்கள்.

எனவே அட்டையை இரண்டு வேலையாக வெட்டிவிடுங்கள். முன்னட்டை தனி, முழு அட்டை தனி. முன்னட்டைக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் போதும், இன்றே தொடங்கலாம். பதிப்பாளருக்கும் ஃபேஸ்புக்கில் அறிவிக்க அதுதான் அவசரமாக வேண்டும், ஓகே சீக்கிரம் வரும். முழு அட்டைக்கு இறுதிப் பக்க எண்ணிக்கை, பின்னட்டைக் குறிப்பு, ஆசிரியர் படம், விலை, ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தின் அடையாள எண்) வேண்டும். இந்த ஐந்தும் கைக்கு வந்த பிறகு அரை நாள் ஒதுக்குங்கள். நான்கு வந்துவிட்டதே என்று ஆரம்பிக்காதீர்கள்.

3. காலை வரைய, மாலை திருத்த

காலை பதினொன்று வரை போன் வேறு அறையில் இருக்கட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் திருத்தங்கள். இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்கிற பொமோடோரோ முறை திருத்த வேலைக்கு நன்றாக ஒத்துவருகிறது. வரையும்போது எனக்கு அது எரிச்சல். கை சூடு பிடிக்கிற நேரத்தில் மணி அடிக்கும்.

திருத்தம் துண்டு துண்டாக வந்தால் இதை அனுப்பிப் பாருங்கள்: "சார், ஆசிரியரிடமும் கேட்டுவிட்டுத் திருத்தங்களை மொத்தமாக அனுப்புங்கள். நான்கு மணிக்குள் வந்தால் நாளைக் காலை சரிசெய்த அட்டை உங்களுக்கு வந்துவிடும்." யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வாய்ஸ் மெசேஜில் சொன்னால் கேட்டு, எழுதி, "இவ்வளவுதானே சார்?" என்று திருப்பி அனுப்புங்கள். எழுத்தில் ஆமாம் வந்த பிறகே கோப்பைத் திறப்பது.

4. கருவிகள்

நோஷன், டிரெல்லோ என்று திட்டமிடும் செயலிகள் எல்லாம் பார்த்தாயிற்று. தனியாக வேலை செய்கிறவருக்கு அவற்றை அலங்கரிப்பதே ஒரு வேலையாகிவிடும். சுவரில் மாட்டுகிற சிவகாசி மாதக் காலண்டர் போதும். கட்டம் பெரிதாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கூகுள் காலண்டர் நினைவூட்ட மட்டும். அப்புறம், உங்கள் பகுதியின் மாதாந்திர மின்தடை நாளைச் சிவப்பில் குறித்துவிடுங்கள். அன்று காலையில் ஸ்கெட்ச் புத்தகம், கணினி வேலை கிடையாது.

பிறகு சேர்த்தது

கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர்கள் சிலர், இரண்டு நாளில் கேட்கும் வேலைக்கு இது பொருந்துமா என்று கேட்டார்கள். பொருந்தும், கட்டங்கள் அதேதான். அங்கே பக்க எண்ணிக்கையின் இடத்தில் உறவினர் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பெரியப்பா பெயர் விட்டுப்போனால் வடிவமைப்பே மாறும். இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்ட பட்டியல் எழுத்தில் வரும் வரை சீட்டு "அவர் கையில்"தான். ஆடியில் முகூர்த்தம் இல்லையே, ஓய்வுதானே என்று நினைக்காதீர்கள். ஆவணிக் கல்யாணங்களுக்கான பத்திரிகை வேலை ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு வந்து நிற்கும்.

இன்னொன்று: அச்சுக் கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், எழுத்துகளைக் கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத வரைகோடுகளாக) மாற்றிய பிறகு.