ஃபோட்டோ பார்த்துத் தாமரை வரைகிறவர்கள் செய்யும் தவறுகள்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் வாட்டர்கலரில் பூப்படம் வரைந்து தரக் கேட்டால் தாமரையைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். பிறந்த வீட்டுக் குளம், கோயில் தெப்பம் என்று ஏதோ ஒன்று போனில் ஃபோட்டோவாக வரும். தண்ணீரை மாற்று, பிரஷைத் தண்ணீரிலேயே நிறுத்தி வைக்காதே என்பதெல்லாம் முதல் வாரப் பாடம், அதை விட்டுவிடலாம். புதிதாக ஆர்டர் எடுக்கிறவர்கள் காசு வாங்கிய படத்தில் சறுக்குகிற இடங்கள் வேறு.

ஃபோட்டோவை வாங்கும்போதே

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும். இதழின் நரம்பும் நிழலுக்குள் இருக்கும் விவரமும் அதில் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். பூவுக்கு மிக அருகில் போனை நீட்டி எடுத்திருந்தால் முன்னிதழ் ஊதியும் பின்னிதழ் சிறுத்தும் இருக்கும். ஒரு மீட்டராவது தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் வடிவம் கெடாது. காலை ஏழெட்டு மணிக்கு எடுக்கச் சொல்லுங்கள், உச்சிவெயிலுக்குள் பூ கூம்பத் தொடங்கிவிடும்.

திரையில் மின்னும் ரோஸ்

பணமும் பெயரும் சேர்ந்து போகும் தவறு இது. இன்னமும் ஆளாளுக்குச் செய்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

“ஃபோட்டோவுல உள்ள கலர் அப்படியே வேணும், கேட்டியளா” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போன் திரை பின்னாலிருந்து வெளிச்சம் விடுகிறது. போதாததற்கு, காமிராவே சிவப்பையும் ரோஸையும் கூட்டிக் காட்டும். மிகையான ரோஸில் இதழின் மேடு பள்ளம் தெரியாமல் ஒரே திட்டாகிவிடும். காகிதத்தில் எந்த ரோஸைப் பூசினாலும் அந்த மினுக்கம் வராது. அப்போதுதான் கை ‘ஓபரா’ என்று பெயர் போட்ட டியூபுக்குப் போகிறது. பூசியதும் திரையில் கண்ட அதே ஒளி வரும். வாடிக்கையாளருக்கும் பிடித்துப் போகும்.

அந்த ஒளி நிறமியிலிருந்து வருவதில்லை, அதில் கலந்த ஒளிரும் சாயத்திலிருந்து வருகிறது. அந்தச் சாயம் வெளிச்சத்தில் நிற்காது. பல கம்பெனி டியூபில் கூடவே பிஆர் 122 என்ற நிறமியும் இருக்கும். சாயம் போனதும் அது மட்டும் மிஞ்சி, இதழ் மங்கிய ஊதாச்சாயலில் நிற்கும். ஜன்னலுக்கு எதிரே மாட்டிய படம் முதலில் கெடும். புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் மங்குவது தள்ளிப்போகுமே தவிர நிற்காது. பழைய அலிசரின் கிரிம்சனும், அதாவது பிஆர் 83, மங்கும் ரகம்தான்.

டியூபின் முகப்பில் உள்ள பெயரை நம்பாதீர்கள். திருப்பிப் பொடி எழுத்தில் நிறமி எண்ணைப் பாருங்கள். பிவி 19 என்றிருக்கும் குவினக்ரிடோன் ரோஸ் வெளிச்சத்துக்கு நன்றாகத் தாங்கும். எண்ணே அச்சிடாத டியூபை ஆர்டர் படத்துக்குத் தொடவேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் எல்லா ரோஸையும் பட்டை பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுத்ததும் தெரிந்துவிடும்.

சரி, பிவி 19-ல் மினுக்கம் எப்படி வரும்? தோவாளைப் பூச்சந்தையில் ஒரு தாமரை மொட்டு வாங்குங்கள். ஓர் இதழைப் பிய்த்து வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். நுனியில்தான் அடர்ந்த ரோஸ் இருக்கும். நடுவில் வெளுத்து, அடியில் இளமஞ்சள் கலந்த வெள்ளையாக முடியும். ஃபோட்டோவில் இதில் பாதி தெரியாது. அந்த இதழுக்குப் பக்கத்திலேயே நிறத்தைப் பூசி ஒத்துப் பாருங்கள், திரையோடு ஒப்பிடாதீர்கள். வரையும்போது ஓர் இதழை மட்டும் சுத்தத் தண்ணீரால் நனைத்து, மினுமினுப்பு அடங்கும் நேரத்தில் நுனியில் நிறத்தை விடுங்கள், அடிப்பக்கம் தானாக இறங்கட்டும். ஒட்டியிருக்கும் அடுத்த இதழுக்கு இது முழுக்கக் காய்ந்த பிறகே போகவேண்டும். பின்னால் வரும் இலைகளின் பச்சையில் அதே ரோஸைத் துளி கலந்து மந்தமாக்குங்கள். மந்தமான பச்சைக்கு முன்னால் சுத்தமான ரோஸ் எழுந்து நிற்கும். வாடிக்கையாளரிடமும் முன்பணம் வாங்கும்போதே நிறத்துண்டைக் காட்டி, “இதுதான் வரும், இது மங்காது” என்று சொல்லிவிடுங்கள்.

இலையில் வெட்டு

பின்னணியில் மங்கலாகக் கிடக்கும் இலையை ஊகித்து வரைகிறவர்கள் அல்லி இலையைப் போட்டுவிடுகிறார்கள். ஓரத்திலிருந்து நடுவரை வெட்டு இருந்தால் அது அல்லி. தாமரை இலை முழு வட்டம், தண்டு நடுவில் சேரும், பல இலைகள் தண்ணீருக்கு மேலே குடைபோல் நிற்கும். பூவின் நடுவே விதை இருக்கும் பொகுட்டைச் சுற்றியுள்ள மகரந்தத்தாளின் நுனி வெள்ளை, முழுக்க மஞ்சளாகத் தீட்டாதீர்கள். குளத்தங்கரையில் வளர்ந்தவர் இதையெல்லாம் உடனே கண்டுபிடிப்பார்.

கார்பன் பேப்பர்

வேண்டாம். மெழுகு நிறத்தைத் தள்ளும், கோடும் அழியாது. ஸ்கெட்ச் போட்ட தாளின் பின்புறம் 2பி பென்சில் தேய்த்து, ஓவியக் காகிதத்தின்மேல் வைத்து நகலெடுங்கள்.

இணையத்தில் எடுத்த ஃபோட்டோ

எடுத்தவரின் அனுமதி இல்லையென்றால் ஆர்டரே எடுக்காதீர்கள்.

மழைக்காலக் காகிதம்

குமரிக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்திக் காகிதமே ஈரம் குடித்தால் மேற்பூச்சுப் பசை கெடும். பிறகு நிறம் உறிஞ்சுதாளில் விழுந்ததுபோல் அங்கங்கே புள்ளியாக இறங்கும், திருத்தவே முடியாது. ஸ்கெட்ச் முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் இரண்டு நாள் வேலை போச்சு. முதலில் ஒரு மூலையில் வெளிர்நிறம் தடவிப் பாருங்கள். மீதிக் காகிதத்தைக் காற்றுப் புகாத கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெள்ளையாக விடவேண்டிய இடத்தை மறைக்க மாஸ்கிங் திரவம் போட்டால் ஒன்றிரண்டு நாளுக்குள் உரித்துவிடுங்கள். அதன்மேல் ஹேர் டிரையர் காட்டினால் காகிதத்தோடு ஒட்டி, உரிக்கும்போது மேல்தோலும் சேர்ந்து வரும்.

ஃபிரேம் போடுகிறவரிடமும் ஒன்று சொல்லவேண்டும்: கண்ணாடி படத்தின்மேல் நேராகப் படக்கூடாது, நடுவே மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை, வேண்டும். ஒட்டிக் கிடந்தால் கண்ணாடியில் கோர்க்கும் ஈரம் நேரே காகிதத்தில் இறங்கிப் பூசணம் பிடிக்கும்.