கடைக்கு டைல்ஸ் போடும் முன்

புரோட்டாக் கடை போட வந்தவர் ஷட்டரைத் தாண்டி உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்தார். "இந்த ஃபால்ஸ் சீலிங்கை யாருண்ணே கழட்டுறது, நீங்களா நானா?" என்றார். புகைபோக்கி அந்த வழியாகத்தான் போக வேண்டுமாம். மதுரை பழங்காநத்தத்தில் அப்பா விட்டுப்போன இரண்டு கடைகளில் ஒன்று அது, பத்துக்குப் பதினெட்டு அடி. சீலிங்கும் வழவழ டைல்ஸும் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடைசியில் அவரே ஆள் வைத்துக் கழற்றினார், கூலியை முதல் மாத வாடகையில் கழித்துக்கொண்டார்.

புதிதாகக் கடை வாடகைக்கு விடுகிறவர்கள் செய்கிற முதல் தப்பு இதுதான். யார் வரப்போகிறார் என்று தெரியாமலே உள்ளே அலங்காரம் செய்துவிடுவது. டெய்லருக்கு வெளிச்சம் இருந்தால் போதும். மருந்துக்கடைக்காரர் அலமாரியை அவரே அடித்துக்கொள்வார். டீக்கடைக்காரர் தண்ணீர் எங்கே, கழிவு எங்கே போகிறது என்றுதான் முதலில் கேட்பார். நம் காசு போக வேண்டியது மேல்தளம், ஒயரிங், தண்ணீர், சாக்கடை, ஷட்டர் ஆகியவற்றுக்கு. யார் வந்தாலும் யார் போனாலும் கட்டடத்தோடு கிடப்பவை அவைதான்.

மேல்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். மாசி வீதிகளுக்கு உள்பக்கம் இருக்கும் பழைய கட்டடங்களில் பல, உத்தரக் கட்டையும் சுண்ணாம்புக் காரையுமாக நிற்பவை. கட்டையில் கரையான் ஏறியிருப்பது கீழேயிருந்து தெரியாது. அதன் அடியில் ஒரு சீலிங்கை அடித்து மறைத்துவிட்டால் நோயை மறைத்த மாதிரிதான். அப்புறம் வாடகைக்கு வந்தவர் மாடியைக் குடோன் ஆக்கி ஜவுளி மூட்டையை அடுக்குவார். 2020 தீபாவளி நேரத்தில் விளக்குத்தூண் பக்கம் பழைய கட்டடம் ஒன்றில் இருந்த ஜவுளிக்கடை தீப்பிடித்தபோது, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். அதை மறக்க முடியவில்லை. பெயின்டருக்கு முன்னால் ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். மாடியில் என்ன வைக்கலாம், எது கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

தெருமட்டத்தையும் பாருங்கள். ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்கிறது, கடை கீழே போகிறது. ஐப்பசி மழையில் ஷட்டருக்கு அடியில் தண்ணீர் வந்த பிறகு தரையை உயர்த்தினால், ஓடுகிற கடையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். உயர்த்துகிறோம் என்று படியைத் தெருவுக்குள் நீட்டாதீர்கள். ஆக்கிரமிப்பு என்று ஒருநாள் ஜேசிபி வந்து நிற்கும்.

கரன்ட் விஷயத்தில் நிறையப் பேர் அசட்டையாக இருக்கிறார்கள். வீட்டு முன்பகுதியைக் கடையாக்குகிறவர்கள் வீட்டு இணைப்பிலிருந்தே ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்துவிடுவார்கள். 100 யூனிட் இலவசம் வீட்டுக்குத்தான், கடைக்குக் கட்டண விகிதமே வேறு. பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில், கட்ட வேண்டிய விகிதத்தைப் போல் இரண்டு மடங்கு கணக்குப் போடுவார்கள். இணைப்பு நம் பெயரில் இருப்பதால் நோட்டீஸும் நமக்குத்தான் வரும். இரண்டாவது கடையில் நான் சிமென்ட் தரையோடு விட்டுவிட்டு மும்முனை இணைப்பு மட்டும் வாங்கினேன். மாவு மில்காரர் வந்து மீட்டரைப் பார்த்தார், பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. அதேபோல வீடு கடையாக மாறினால் மாநகராட்சியில் சொத்து வரியையும் மாற்றிவிட வேண்டும்.

வேலையை எப்போது முடிக்கிறோம் என்பதும் காசுதான். ஆனி கடைசியில் பெயின்ட் காய்ந்தால் ஆடி முழுக்கப் பூட்டிக் கிடக்கும், மார்கழியிலும் அதே கதைதான். ஆவணி முகூர்த்தத்துக்கோ தைக்கோ சாவி கைமாறும்படி கொத்தனாரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிடித்து வைப்பது லேசில்லை, அது வேறு விஷயம்.

அட்வான்ஸுக்கு வருகிறேன். பத்து மாத வாடகை முன்பணம் வாங்குவது இங்கே பழகிப்போன ஒன்று. ஆனால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாய்ப்பேச்சில் வாங்கினால் கேள்வி வரும்போது பதில் இருக்காது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் 11 மாதப் பத்திரம் போடுவது நம் வழக்கம். ஆனால் 2017 வாடகைச் சட்டப்படி அந்த 11 மாத ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வாடகை பாக்கி என்று ஃபியூஸைப் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீரையோ கரன்டையோ நிறுத்தினால் தப்பு நம் பக்கம் வந்துவிடும்.

நான் செய்த பெரிய தப்பு, அந்த அட்வான்ஸையே எடுத்து மாடிப்படி கட்டியது. கையில் வந்த பணம் நம் பணம் மாதிரிதான் தெரியும். புரோட்டாக் கடைக்காரர் இரண்டே வருடத்தில் ஊருக்குப் போகிறேன் என்று வந்து நின்றபோது, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்காரியின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை வாங்கி ஒத்திக்கு விட்டு அந்தப் பணத்தில் மராமத்து பார்க்கிறவர்களுக்கும் இதே கதிதான், தொகைதான் பெரிது.

ரிப்பேர் பில்லை எல்லாம் வருமான வரியில் கழிக்கலாம் என்று எண்ணி வைத்திருந்தால் அதுவும் நடக்காது. சொத்து வரி போக மீதி வாடகையில் பொதுவாக 30 சதவீதக் கழிவு, செலவு கூடினாலும் குறைந்தாலும் அவ்வளவுதான்.

புரோட்டாக் கடைக்காரர் காலி செய்த அன்று சாக்கடை மூடியைத் திறந்தால், எண்ணெய் மெழுகாக உறைந்து குழாயையே அடைத்திருந்தது. பக்கத்து வீட்டம்மா அதற்கு முன்பே இரண்டு முறை சத்தம் போட்டிருந்தார். கரன்ட் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், அவர் ஓட்டிய கடைசி ஒரு மாதத்து பில் அவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது. இப்போதெல்லாம் சாவி வாங்கும் அன்று காலையில் மீட்டரை ஒரு போட்டோ, சாக்கடையை ஒரு போட்டோ எடுத்துவிடுகிறேன். அதன் பிறகுதான் அட்வான்ஸை எண்ணுவது.