முதலில் சைரனை நிறுத்துங்கள்

தமிழ்நாடு–கேரள எல்லையில், புளியரையிலிருந்து கோட்டைவாசலுக்கு ஏறும் மலைப்பாதையை ஒட்டிய ஊர்களில் பதினோரு ஆண்டுகளாக ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். விபத்து, பிரசவம், நெஞ்சுவலி என்று எல்லாவற்றுக்கும் பயிற்சியில் விரிவாகச் சொல்லித்தந்தார்கள். மனம் கலங்கி நிற்கும் ஒருவரை எப்படி அணுகுவது, எப்படி வண்டியில் ஏற்றுவது என்பதைக் களத்தில்தான் கற்றேன். சிலவற்றைத் தவறு செய்துதான் கற்றேன். புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கும், அதே அழைப்புக்கு வந்து சேரும் காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இரண்டு தெரு முன்பே சைரனை அணைத்துவிடுங்கள். மேலே சுழலும் விளக்கையும் அணையுங்கள். "என்னைப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள்" என்ற பயத்தில் மூன்று நாளாகத் தூங்காமல் இருப்பவருக்கு, அந்தச் சத்தம் அவர் பயந்ததை உண்மையாக்கிவிடும். வண்டியை வாசலை மறித்து நிறுத்த வேண்டாம். பெல்ட் தொங்கும் ஸ்ட்ரெச்சரை எடுத்த எடுப்பிலேயே இறக்கவும் வேண்டாம். பைலட் (வண்டி ஓட்டுநர்) வண்டியிலேயே இருக்கட்டும், நீங்கள் மட்டும் நடந்து போங்கள்.

போகும் வழியிலேயே, அழைத்தவரிடம் மீண்டும் பேசுங்கள். எங்கள் பகுதியில் முதல் கேள்வியே இடம்தான். மலையடிவாரத்தில் செல்போன் சில நேரம் கேரளத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். 108ஐ அழைத்தால் மலையாளத்தில் பதில் வரும். அதனால் தமிழ்நாட்டுப் பக்கமா, ஆரியங்காவு பக்கமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுத்து, கலங்கி நிற்பவரின் பெயர், எந்த மொழியில் பேசுவார், யார் சொன்னால் கேட்பார், கையில் அரிவாளோ கத்தியோ இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு உடம்பைப் பற்றி: காய்ச்சல் உண்டா, வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரா, குடிப்பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தினாரா?

இந்தக் கடைசிக் கேள்விகளை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "பைத்தியம் பிடித்துவிட்டது" என்று வரும் அழைப்புகளில் சில, சர்க்கரை இறங்கியதாலோ மூளைக்காய்ச்சலாலோ வந்தவையாக இருக்கும். குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. வீட்டார் பேய் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அந்த நேரத்தில் அவர்களோடு வாதாடாதீர்கள். "கோயிலுக்கும் போங்கள் அம்மா, முதலில் சர்க்கரையைப் பார்த்துவிடுவோம்" என்பேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை பிறந்த நான்காம் நாள், விடியற்காலை. சோதனைச் சாவடிக்குச் சற்று இப்பால் வைக்கோல் லாரிகள் வரிசையாக நிற்கும் இடம். கேரளத்திலிருந்து வந்த லாரியின் கிளீனர் ஒருவர் வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டு வெளியே வர மறுத்தார். சுற்றிலும் இருபது முப்பது பேர், அவர்களில் பாதிப் பேர் கையில் செல்போன் வெளிச்சம். டெல்டாப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த இளம் காவலர் ஒருவர் லாரிக் கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். "வெள்ளம் வெள்ளம் என்று கத்திக்கொண்டே இருக்கிறான் மேடம். மழையே இல்லை. முழுக்கக் கலங்கிவிட்டது" என்றார்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அந்த மனிதர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு தார்ச்சாலையில் பக்கவாட்டில் படுத்தேன். என் முகமும் அவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. டார்ச் அடிக்காமல் கண் பழகும்வரை காத்திருந்தேன். சட்டைக்குள் துளசி மாலை தெரிந்தது. மாலை போட்டவரை எல்லைக்கு இரு பக்கமும் ஒரே சொல்லால்தான் அழைப்போம். "சாமி, வெள்ளம் வேணோ?" என்றேன். கத்தல் நின்றது. பாட்டிலை உருட்டிவிட்டேன். கை நடுங்கிய நடுக்கத்தில் பாதித் தண்ணீர் மார்பில் சிந்தியது. மீதியைக் குடித்துவிட்டு, "உறும்பு, உறும்பு" என்று சட்டைக் கையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்தார். அங்கே எறும்பு ஒன்றுகூட இல்லை. தினமும் குடித்துவந்தவர், மாலை போடுவதற்காக மூன்று நாளாக ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சிகள் கண்ணில் படுவது, வலிப்பு எல்லாம் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். சபரிமலைக்கு மாலை போடும் மண்டல காலம் தொடங்கும் வாரத்தில் இதை மனத்தில் வைத்திருங்கள்.

அவர் வெளியே வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. கயிற்றைக் கீழே போட்டுவிட்ட அந்தக் காவலர்தான் "வாங்க சாமி" என்று கைகொடுத்து எழுப்பினார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலங்கியவர் பேசுவதெல்லாம் பிதற்றல் என்று முடிவு கட்டிவிட்டால் அவர் தண்ணீர் கேட்பது கூட நம் காதில் விழாது. ஒருவர் மட்டும் பேசுங்கள், மற்றவர்கள் பின்வாங்கட்டும். செல்போனில் படம் எடுப்பவர்களைக் காவலர் அப்புறப்படுத்தட்டும். அந்த நேரத்தில் காவலர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள், வாசலை மறிக்காதீர்கள், அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்காருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். என்ன வயதானாலும் 'நீங்கள்' என்றே பேசுங்கள். அவருக்குக் கேட்கும் குரல்களை இல்லை என்று மறுக்கவும் வேண்டாம், ஆமாம் என்று நடிக்கவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறதென்றால் பயமாகத்தான் இருக்கும்" என்றால் போதும். பிறகு சற்று நேரம் பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பழகக் கடினமாக இருந்தது.

பொய் சொல்லி ஏற்றாதீர்கள். "குற்றாலம் போகிறோம் என்று சொல்லுங்கள்" என்று வீட்டார் கெஞ்சுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பொய் உடையும். அடுத்த முறை அவர் நம் வண்டியில் ஏறவே மாட்டார். உண்மையைச் சொல்லி, சின்னச் சின்ன விஷயங்களை அவர் முடிவுக்கு விடுங்கள்: உட்கார்ந்து வருகிறீர்களா, படுத்து வருகிறீர்களா? அக்கா கூட வரட்டுமா, அம்மாவா? பெண் நோயாளி என்றால், உடன் ஒரு பெண் இல்லாமல் வண்டி நகரக் கூடாது.

இனி கட்டுவது பற்றி. வேலையில் சேர்ந்த முதல் வருடம், பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவரின் கைகளை அவருடைய மாமன்மார் இரண்டு துண்டால் கட்டித் தந்தார்கள். நான் தடுக்கவில்லை, முடிச்சை நானே இறுக்கிவிட்டேன். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, நான் என்ன திருடினேன்?" சில மாதம் கழித்து செங்கோட்டை பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்ததும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளின் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டுத் தப்பி ஓட முடியாமல் கிடந்தவர்களில் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் பூட்டக் கூடாது என்கிறது. மனநல நிலையங்களில் ஒருவரைக் கட்டுப்படுத்துவதைக் கூட, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் 97ஆம் பிரிவு அனுமதிக்கிறது. தண்டனையாகச் செய்யவே கூடாது. நடுச்சாலையில் லாரிக்கு முன்னால் பாய்கிறார், தண்டவாளத்தை நோக்கி ஓடுகிறார் என்றால் பிடித்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் கை கால்களை மட்டும் பிடியுங்கள். கழுத்தையோ மார்பையோ அழுத்தாதீர்கள். குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை வைத்தால் மூச்சடைத்துச் சாவார். திமிறல் திடீரென்று அடங்கினால் பணிந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள், முதலில் மூச்சைப் பாருங்கள். ஒருவர் தலைமாட்டில் இருந்து பேசிக்கொண்டே இருக்கட்டும். ஆபத்து விலகியதும் கையை எடுத்துவிடுங்கள்.

காவலர் தம்பிகளுக்கு: அதே சட்டத்தின் 100ஆம் பிரிவைப் படித்துவையுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது உங்கள் கடமை. காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். எங்கள் எல்லையில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடப்பதைக் கண்டிருக்கிறேன். அலைபவரை இரவோடிரவாக ஏதாவது வண்டியில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்தும் இங்கே வந்து இறங்குவார்கள். மொழி தெரியாத ஊரில், பெயர் சொல்லத் தெரியாமல் ஒரு மனிதர் நிற்பார். இது கொடுமை. உங்கள் கண்ணெதிரே நடந்தால் தடுத்து நிறுத்துங்கள்.

தற்கொலைக்கு முயன்றவரைத் திட்டாதீர்கள், வழக்கு வரும் என்று மிரட்டாதீர்கள். கடும் மனஅழுத்தத்தில் செய்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 115ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு நொடியும் அவரைத் தனியே விடாதீர்கள். வெறுமனே பேச ஆள் வேண்டும் என்று யாராவது கேட்டால் அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416ஐக் கொடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது "மென்டல் கேஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். பெயர், எத்தனை நாளாக, சர்க்கரை அளவு, நாடித்துடிப்பு, கடைசியாக என்ன சாப்பிட்டார், எதைக் கண்டு பயப்படுகிறார், எந்தச் சொல்லுக்கு அமைதியானார் என்று பணி மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தச் சாமியை ஒப்படைத்தபோது, தண்ணீரை மலையாளத்தில் கேட்பார் என்று நர்ஸ் அக்காவிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கிளம்பும் முன் ஒன்று. அவருடைய செருப்பைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அமளியில் அது எப்போதும் வீட்டு வாசலிலோ லாரிக்கு அடியிலோ கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். குணமாகி வீடு திரும்பும் நாளில் வெறுங்காலோடு பஸ் நிலையத்துக்கு நடந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வாருங்கள்.