பாலூட்டி இறைச்சி ஒவ்வாமை: பாக்கெட் உணவில் எதைப் பார்த்து வாங்குவது

அமெரிக்காவில் லோன் ஸ்டார் உண்ணி கடித்து ஆல்பா-கேல் (பாலூட்டிகளின் உடலில் உள்ள ஒரு சர்க்கரை) ஒவ்வாமை வந்தவர்களுக்கு மாடு, பன்றி, ஆடு, மான், முயல் எதுவும் ஆகாது. கோழி, வான்கோழி, மீன், முட்டை சாப்பிடலாம். இறைச்சியாகத் தெரிவதை ஒதுக்குவது எளிது, வில்லங்கமெல்லாம் பாக்கெட்டுக்குள்தான். சாப்பிட்டு 2 முதல் 6 மணி நேரம் கழித்தே அரிப்பும் தடிப்பும் வயிற்றுவலியும் வருவதால், எது காரணம் என்று பிறகு தேடுவது பெரும்பாடு. கடையிலேயே படித்துவிட வேண்டும்.

'கன்டெய்ன்ஸ்' (Contains, அடங்கியவை) என்ற ஒவ்வாமை வரியை நம்பி நிற்காதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி அதில் வர வேண்டியவை 9 மட்டுமே: பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, 2023 முதல் எள். மாடும் பன்றியும் அந்தப் பட்டியலில் இல்லை. பாலும் ஒத்துக்கொள்ளாதவருக்கு மட்டும் அந்த வரி உதவும்.

அடுத்து, மூலப்பொருள் பட்டியலைக் கடைசி வரை படியுங்கள். ஜெலட்டின், கொலாஜன் (இரண்டும் பெரும்பாலும் மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருபவை), லார்ட் (பன்றிக் கொழுப்பு), டேலோ, சூயட் (மாட்டு, ஆட்டுக் கொழுப்பு), பீஃப் ஸ்டாக் (மாட்டிறைச்சிச் சாறு) என்று இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம். மார்ஷ்மெலோ, கம்மி மிட்டாய், சில தயிர்கள், சர்க்கரை பூசிய சில சீரியல்களில் ஜெலட்டின் இருக்கும். ரீஃபிரைட் பீன்ஸ் (மெக்சிகோ பாணி மசித்த பீன்ஸ்), டோர்ட்டியா (மெக்சிகோ ரொட்டி), பை மாவில் லார்ட் சேர்ப்பதுண்டு. மீன் ஜெலட்டின் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் பரவாயில்லை.

கோழி சாசேஜில் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளே கோழிதான், மேலுறையோ பன்றிக் குடலாகவோ மாட்டுக் கொலாஜனாகவோ இருக்கலாம். 'கேசிங்' (மேலுறை) என்ற சொல்லைத் தேடுங்கள்.

'நேச்சுரல் ஃப்ளேவர்', மோனோ-டைகிளிசரைடு (471), கிளிசரின் (422), மெக்னீசியம் ஸ்டியரேட் (572) ஆகியவை (அடைப்பில் இருப்பவை உணவுச் சேர்க்கைப்பொருள் எண்கள்) தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். லேபிள் இதைச் சொல்லாது. நிறுவனத்துக்குப் போன் செய்யும்போது "ஒவ்வாமைப் பொருள் உண்டா?" என்று கேட்டால் அந்த 9-ஐப் பற்றித்தான் பதில் வரும். "மாடு, பன்றி, ஆடு இவற்றிலிருந்து எடுத்த எதுவும், ஃப்ளேவரிலோ பதப்படுத்தும் பொருளிலோ, உண்டா?" என்று கேளுங்கள்.

முத்திரைகளில் 'வீகன்'தான் நம்பகமானது. ஆனால் சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் (407) அதிலும் இருக்கலாம். சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. இந்தியக் கடையில் பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டில் இறைச்சியும் லார்டும் இருக்காது, பாலும் நெய்யும் இருக்கலாம். ஹலால் முத்திரை இதற்கு உதவாது, ஹலால் ஜெலட்டின் மாட்டிலிருந்தும் வரும். யூத கோஷர் முறையில் 'பாரெவ்' என்றால் பாலும் இறைச்சியும் இல்லை என்று பொருள். இருந்தும் மாட்டு ஜெலட்டினைச் சிலர் பாரெவ் கணக்கில் சேர்ப்பதால், ஜெலட்டின் வரியை அங்கும் பாருங்கள்.

பால்பொருட்கள் எல்லாருக்கும் ஆகாதவை அல்ல, பலர் சிரமமின்றிச் சாப்பிடுகிறார்கள். வே, கேசீன் (இரண்டும் பால் புரதங்கள்), நெய்யை ஒதுக்குவதா என்பதை ஒவ்வாமை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கொழுப்பு மிகுந்த ஐஸ்கிரீம் சிலருக்குத் தொல்லை தரும், கொழுப்பு குறைந்த பால் அவர்களுக்குத் தொல்லை தராமலும் இருக்கலாம்.

மீன் எண்ணெய் மாத்திரையின் உறை மாட்டு அல்லது பன்றி ஜெலட்டினாக இருக்கலாம். மருந்துகளுக்கு 'கன்டெய்ன்ஸ்' விதி கிடையாது, மருந்தாளுநரிடம் செயல்படாப் பொருள் (மருந்தோடு சேர்க்கும் துணைப்பொருள்) பட்டியலைக் கேளுங்கள். வழக்கமாக வாங்கும் பொருளானாலும் ஒவ்வொரு முறையும் படியுங்கள். தயாரிப்பு முறையை மாற்றினால் முன்பக்கத்தில் அறிவிக்க மாட்டார்கள்.