பனிச்சிறுத்தையைப் படமெடுக்க லடாக் போகிறீர்களா? முதல் பயணத்துக்கான செய்முறை

பிப்ரவரி மாதம், காலை எட்டு மணி. லடாக்கின் உலே கிராமத்துக்கு மேலே ஒரு மேட்டில் நின்றுகொண்டிருந்தோம். எங்களோடு வந்த வழிகாட்டி ஸ்பாட்டிங் ஸ்கோப்பை, அதாவது காலில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கியை, எதிர்மலைப் பக்கம் திருப்பி நிறுத்தினார். "ஷான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எனக்கு இடம்விட்டு நகர்ந்தார். லடாக்கி மொழியில் ஷான் என்றால் பனிச்சிறுத்தை. நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். பாறை தெரிந்தது, பாறை இடுக்கில் பனி தெரிந்தது, சிறுத்தையைக் காணோம். ஐந்து நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் பாறை என்று நினைத்திருந்த ஒன்றின் ஓரம் மெல்லச் சுருண்டு நிமிர்ந்தது. அது வால்.

அந்தப் பயணத்துக்கு முன் நான் லென்ஸைப் பற்றி மட்டும்தான் படித்திருந்தேன். போய் வந்த பிறகு யார் கேட்டாலும் வேறு வரிசையில்தான் சொல்கிறேன்: முதலில் உடம்பு, அடுத்து கண், கடைசியில் கேமரா. கீழே உள்ள படிகளில் கேமரா கண்ணுக்கு முன்பே வந்துவிடுகிறது, ஆனால் முக்கியத்துவம் அந்த வரிசையில்தான்.

படி 1: மாதமும் இடமும்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். பனிச்சிறுத்தைகள் இணைசேரும் பருவம் அது. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கூப்பிடும், மலைமுகடுகளில் அதிகம் நடமாடும். உயரத்தில் பனி மூடிவிடுவதால் அவற்றின் இரையான காட்டாடுகள் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கும். சிறுத்தையும் பின்னாலேயே இறங்கும்.

2024 ஜனவரியில் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள். அவற்றில் 477 லடாக்கில் இருக்கின்றன. அதனால் முதல் பயணத்துக்கு லடாக்கையே சொல்வேன். லே நகரிலிருந்து போகக்கூடிய இரண்டு இடங்கள் பெயர்பெற்றவை. ஒன்று ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் பள்ளத்தாக்கு. இன்னொன்று சிந்து நதிக்கு வடக்கே உள்ள உலே. இரண்டுமே சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறிய ஊர்கள். உலேயில் ஐபெக்ஸ் என்ற வளைகொம்புக் காட்டாடு அதிகம். ரும்பக்கில் பரல் எனப்படும் நீலச்சாம்பல் நிற ஆடு அதிகம்.

இமாச்சலத்தின் ஸ்பிதியில் கிப்பர் என்ற ஊரும் உண்டு. குளிர்காலத்தில் மணாலி வழி மூடிவிடும். சிம்லா, கின்னௌர் வழியாகச் சாலையில் மெல்ல மெல்ல ஏறிப் போக வேண்டும். நாட்கள் கூடுதலாகும், ஆனால் உடம்பு உயரத்துக்குப் பழகிக்கொண்டே போகும். விமானத்தில் லே போய் இறங்குகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

படி 2: லேயில் சும்மா இருங்கள்

கடல் மட்டத்தில் வாழும் உடம்பை டெல்லியில் ஏற்றி, ஒன்றேகால் மணி நேரத்தில் 3,000 மீட்டருக்கு மேல் இறக்கிவிடுகிறார்கள். அதற்கு ரத்தமும் நுரையீரலும் பழக நாளாகும். குறைந்தது இரண்டு முழு நாள் லேயில் தங்குங்கள். முதல் நாள் மாடிப்படி ஏறுவதைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மது வேண்டவே வேண்டாம்.

லேசான தலைவலி பலருக்கும் வரும். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது என்று வந்தால் அது ஆபத்து. "காலையில் சரியாகிவிடும்" என்று படுத்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனை, அல்லது கீழே இறங்குவது. உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற மாத்திரையை முன்கூட்டியே சாப்பிடுகிறவர்கள் உண்டு. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது சிக்கலாகலாம். அதனால் புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பனி கொட்டினால் லே விமானம் ரத்தாகும். திரும்பும் பயணத்துக்கு இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிமாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

படி 3: உடுப்பு

ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டை நம்பாதீர்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் இறகு அடைத்த ஜாக்கெட், காற்றைத் தடுக்க ஒரு வெளியுறை என்று அடுக்கடுக்காக வேண்டும். மேடு ஏறும்போது ஒன்றைக் கழற்றுங்கள், நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள். வேர்வை நனைத்த துணியோடு மைனஸ் 15 டிகிரியில் நிற்பதுதான் பெரிய துன்பம்.

கைக்கு இரண்டு உறை. உள்ளே மெல்லியது, வெளியே தடித்தது. தடித்ததைக் கழற்றி மெல்லியதோடு ஷட்டரை அழுத்த வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும்.

படி 4: எந்த லென்ஸ் போதும்?

இந்தக் கேள்விக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பனிச்சிறுத்தையின் உடல், வாலை விட்டுவிட்டால், சுமார் ஒரு மீட்டர். அது 500 மீட்டர் தள்ளிப் படுத்திருக்கிறது, உங்களிடம் 600 மி.மீ. லென்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். சென்சாரில் அதன் உருவம் 1.2 மி.மீ. தான் விழும். முழுச்சட்டக (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரின் அகலம் 36 மி.மீ. ஆக, உங்கள் படத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குதான் சிறுத்தை. அதுவே 100 மீட்டரில் வந்தால் ஆறில் ஒரு பங்கு. பெரும்பாலான காட்சிகள் பல நூறு மீட்டர் தொலைவில்தான் கிடைக்கும்.

இந்தக் கணக்கு புரிந்தால் ஏமாற்றம் பாதி குறையும். ஆரம்பக்காரர்களுக்கு 150-600 அல்லது 200-600 மி.மீ. ஜூம் போதும். சிறிய சென்சார் கேமரா இங்கே வசதிதான், அதே உருவம் அதன் சட்டகத்தில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். அதிகப் பணம் போட்டு ஜூம் இல்லாத பெரிய பிரைம் லென்ஸ் வாங்குவதைவிட, அந்தப் பணத்தில் இன்னும் நான்கு நாள் மலையில் தங்குங்கள் என்பேன். கூடவே ஒரு 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.). இது இல்லாமல் போகாதீர்கள். டிரைபாட் கார்பன் ஃபைபராக இருந்தால் நல்லது. அலுமினியம் என்றால் கால்களுக்கு நுரை உறை சுற்றுங்கள், வெறுங்கையால் தொட முடியாது.

படி 5: பேட்டரியும் ஈரமும்

குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடும். முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரிகூடத் திடீரென்று காலி என்று காட்டும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்சட்டைப் பையில் வைத்துச் சூடேற்றினால் மீண்டும் உயிர் வரும். மூன்று பேட்டரி கொண்டுபோய், ஒன்று கேமராவில், இரண்டு நெஞ்சோடு ஒட்டி என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். இரவில் அவை உங்கள் போர்வைக்குள் தூங்கட்டும். விமானத்தில் உபரி பேட்டரிகளும் பவர்பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும்.

ஈரம் இதைவிட மோசமான எதிரி. முதல் நாள் மாலை நான் செய்த தவறைச் சொல்கிறேன். வெளியே மைனஸ் 12. தங்கியிருந்த வீட்டின் சமையலறையில் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது, பெரிய பாத்திரத்தில் துக்பா என்ற நூடுல்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. தோளில் கேமராவோடு நேராக உள்ளே போய் அடுப்போரம் உட்கார்ந்தேன். வீட்டம்மா, அங்கே அமாலே என்று கூப்பிடுவார்கள், வெண்ணெய்த் தேநீரை நீட்டினார். கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பினால் லென்ஸின் முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. வெளிப்புறத்தைத் துடைத்துவிடலாம். உள்ளே படிந்த ஈரம் மறுநாள் காலை குளிரில் மெல்லிய பனிப்படலமாக உறைந்து, மதியம் வரை என்னை வேலை செய்யவிடவில்லை.

சரியான முறை இது. வீட்டுக்குள் நுழையும் முன், வெளியே நின்றபடியே மெமரி கார்டையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். கேமராவை லென்ஸோடு பெரிய ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். அடுப்பில்லாத அறையில் இரண்டு மணி நேரம் தொடாமல் வையுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும், கேமராவில் படியாது. மறுநாள் விடியற்காலை மறுபடி வெளியே போகத்தானே போகிறீர்கள்? அப்படியானால் கேமராவை அந்தக் குளிர்ந்த அறையிலேயே இரவு முழுதும் விட்டுவிடுவது இன்னும் சுலபம்.

படி 6: பனியை வெள்ளையாக எடுப்பது

கேமராவின் ஒளியளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டகம் முழுக்கப் பனி இருந்தால் அந்தப் பனியும் அழுக்குச் சாம்பலாகிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ப்ளஸ் 1 முதல் ப்ளஸ் 1.7 வரை கூட்டுங்கள். ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடத்தில், மேடு வலப்பக்கம் நகர வேண்டும், வலது ஓரச் சுவரில் முட்டக் கூடாது. முட்டினால் பனியின் மணல்மணலான நயம் போய் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. லடாக் குளிர்பாலை. பனி எங்கும் விரித்துப் போட்டதாக இருக்காது. பாதி மலை பழுப்புப் பாறையாகவே கிடக்கும். ஆடு பனியிலிருந்து பாறைக்குத் தாவினால், ப்ளஸ் 1.7 அந்தப் படத்தை வெளுக்கடித்துவிடும். அதனால் வெயில் நிலையாக இருக்கும்போது, அளவுகளை நானே வைக்கும் மேனுவலில்தான் எடுக்கிறேன். நல்ல வெயிலில் எஃப் 8, 1/1600 வினாடி, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்குங்கள். பனியின்மீது ஒரு சோதனைப் படம், ஹிஸ்டோகிராம், ஒரு சின்னத் திருத்தம். அதன்பின் விலங்கு எந்தப் பின்னணிக்குப் போனாலும் அளவு மாறாது. நிழல் விழுந்தால் திரும்பச் சோதியுங்கள். நிழலில் கிடக்கும் பனி நீலமாகத்தான் வரும். கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தால் பிறகு சரிசெய்யலாம். கொஞ்சம் நீலத்தை விட்டுவைப்பது என் விருப்பம், குளிர் அதில்தான் தெரிகிறது.

படி 7: கண்ணைப் பழக்குவது

சிறுத்தையைத் தேடாதீர்கள், அதன் அடையாளங்களைத் தேடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளின் அடிப்பக்கம் சிறுநீர் பீச்சிய கறை, மண்ணில் பின்கால்களால் பறித்த சிறு குழி, புதுப்பனியில் காலடி. வழிகாட்டிகள் காலையில் முதலில் இவற்றைத்தான் பார்ப்பார்கள்.

பிறகு பைனாகுலர். மலைமுகட்டின் கோட்டை இடமிருந்து வலமாக மெதுவாகப் பாருங்கள். அது முடிந்ததும் அதற்குக் கீழே ஒரு வரிசை, வயலில் ஏர் ஓட்டுவதுபோல். ஆட்டு மந்தை கண்ணில் பட்டால் அங்கேயே நில்லுங்கள். அமைதியாக மேய்ந்தால் நல்லது, பாருங்கள், நகருங்கள். எல்லா ஆடும் தலைதூக்கி ஒரே திசையைப் பார்த்தபடி உறைந்து நின்றால், நீங்களும் அந்தத் திசையைப் பாருங்கள். காக்கைகளும் கழுகுகளும் ஓரிடத்தில் இறங்கி ஏறினால் அங்கே இரை கிடக்கலாம். இரை இருந்தால் சிறுத்தை அதன் பக்கத்தில் சில நாள் தங்கும். அதுதான் நீங்கள் பொறுமையாகக் காத்திருக்க வேண்டிய இடம்.

காத்திருக்கும் நேரத்தில் மற்றவற்றை எடுத்துப் பழகுங்கள். செந்நரி, தங்கக் கழுகு, சுகர் கவுதாரி, ஐபெக்ஸ். இவற்றை நன்றாக எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் சிறுத்தை வந்த அந்த இரண்டு நிமிடத்தில் கை தடுமாறாது.

படி 8: வந்துவிட்டது

முதலில் ஒரு நிலைப்பாடு எடுங்கள்: ஓட மாட்டேன், கத்த மாட்டேன், கிட்டே போக மாட்டேன். டிரைபாடைத் தாழ்த்தி வையுங்கள். ஒரே ஃபோகஸ் புள்ளி, தொடர் ஃபோகஸ், தொடர் ஷட்டர். மூச்சு வியூஃபைண்டர்மேல் பட்டால் உறைந்துவிடும், பக்கவாட்டில் விடுங்கள்.

படம் தெளிவில்லாமல் வந்தால் லென்ஸைக் குறைசொல்ல அவசரப்படாதீர்கள். காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் சூடான பாறையிலிருந்து கானல் எழும். 500 மீட்டர் கானலுக்கு ஊடே எந்த லென்ஸும் கூர்மையாகப் பார்க்காது. விடியலும், வெயில் மறைந்த மாலையும், மேகமூட்டமும்தான் உங்கள் நேரம். வேறு வழியில்லையென்றால் முப்பது நாற்பது படம் அடுத்தடுத்து எடுங்கள், காற்று ஒரு கணம் நிலைக்கும்போது ஒன்று தேறும். காருக்குள் இருந்து கண்ணாடியை இறக்கி எடுத்தாலும் இதே தொல்லைதான்: உள்ளிருந்து வெளியேறும் சூடான காற்று.

விலங்கு சின்னதாகத்தான் விழும் என்று கணக்கில் பார்த்தோம். அதனால் சட்டகத்தை மலைக்குக் கொடுங்கள். முகட்டுக் கோடு, பனிச்சரிவு, அதன் நடுவே ஒரு சிறு உருவம். வீட்டில் நான் மாட்டியிருக்கும் படத்தில் சிறுத்தை என் சுண்டுவிரல் நகத்தளவுதான். பார்க்கிறவர்கள் நின்று தேடுகிறார்கள், அன்று மேட்டில் நான் தேடியதுபோல.

படி 9: கேட்டு நடப்பது

பனிச்சிறுத்தை 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. ட்ரோன் பறக்கவிடுவது, இரை கட்டுவது, குரலைப் பதிவில் ஒலிபரப்பி வரவழைப்பது, எதுவும் கூடாது. ஓரிடத்தில் ஐம்பது பேர் கூடிவிட்டால் விலகிவிடுங்கள். இரையை விட்டு அது ஓடிப்போனால், அந்தக் குளிரில் அடுத்த வேட்டைக்கு அது கொடுக்கும் விலை பெரிது.

தங்குவது கிராமத்து வீடுகளிலேயே இருக்கட்டும். ஒரு காலத்தில் ஒரே இரவில் பட்டிக்குள் புகுந்து பல ஆடுகளைக் கொன்ற விலங்கு இது. அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய நட்டம். பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை வந்ததும், விருந்தினரிடமிருந்து வருமானம் வந்ததும் பல கிராமங்களில் நிலைமையை மாற்றியிருக்கின்றன. நீங்கள் கொடுக்கும் தங்கல் பணமும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

கடைசியாக, மாலையில் அடுப்போரம் உட்கார்ந்ததும் அன்றைய படங்களை வீட்டாருக்குக் காட்டுங்கள். மெமரி கார்டைத்தான் வெளியிலேயே எடுத்துவிட்டீர்களே, லேப்டாப்பில் போடலாம். எங்கள் அமாலே திரையில் மூக்கு தொடும்படி குனிந்து, பாறைகளுக்கிடையே சிறுத்தை இருந்த இடத்தை என்னைவிட முந்திக் காட்டினார். ஊருக்கு வந்ததும் அந்தப் படத்தை பிரிண்ட் போட்டு அனுப்பினேன். நீங்களும் ஒன்று அனுப்புங்கள். முகவரியைக் கிளம்பும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.