மூடிப்போன நாரோ கேஜ் பாதைக்கு உயிரூட்டும் முறை

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் லின்டனையும் பார்ன்ஸ்டபிளையும் இணைத்த ஏறத்தாழ 19 மைல் நீள நாரோ கேஜ் ரயில் பாதை (தண்டவாளங்களுக்கிடையே அகலம் குறைந்த பாதை) 1898-இல் திறக்கப்பட்டு, 1935 செப்டம்பரில் மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, தடம் கிடந்த நிலமும் துண்டு துண்டாகப் பலர் கைக்குப் போனது. தன்னார்வலர்கள் 1995-இல் உட்டி பே நிலையத்தை வாங்கினார்கள். பயணிகள் ரயிலை ஓட்ட 2004 ஆயிற்று. இன்றும் ஓடும் தூரம் ஏறத்தாழ ஒரு மைல்தான். இத்தகைய பணியில் இறங்க விரும்புவோர் இந்தக் கணக்கை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே இஞ்சினைத் தேடி அலைவதற்கு முன் நிலத்தைத் தேடுங்கள். பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடம் முழுவதையும் நடந்து பார்த்து, ஒவ்வொரு துண்டுக்கும் இன்றைய உரிமையாளர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்க மனமில்லாதவரிடமும் நல்லுறவைப் பேணுவது அவசியம்; அவருடைய வேலியை நீங்களே சீர்செய்து கொடுப்பது எந்தக் கடிதத்தையும்விட அதிகம் பேசும். திட்ட அனுமதி கிடைக்கும்வரை மண்ணில் கைவைக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த தடத்தில் பக்க வாய்க்கால்கள் தூர்ந்து, சிறுபாலங்களின் வாயில் வேர்கள் அடைத்திருக்கும். புதர் வெட்டியதும் தண்டவாளம் போட்டுவிடும் ஆவல் எல்லோருக்கும் எழும். அதற்கு இடம்கொடாமல் வாய்க்கால்களைத் தூர்வாரி, ஒரு மழைக்காலம் முழுவதும் நீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். ஈரம் வடியாத மண்ணின்மேல் எவ்வளவு ஜல்லி கொட்டினாலும் அது சேற்றில் புதைந்துகொண்டே போகும்.

பிறகு ஜல்லி பரப்பி, ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கித் தண்டவாளத்தை ஏற்றலாம். லின்டன்-பார்ன்ஸ்டபிள் பாதையின் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம், 597 மில்லிமீட்டர். ஒரு தண்டவாளத்தை நேராக்கிப் பொருத்திவிட்டு, மற்றதை அளவுகோல் வைத்துப் பார்த்த பின்பே இறுக்க வேண்டும். இணைப்புத் தகட்டில் எண்ணெய் தடவுங்கள்; வெயிலில் இரும்பு நீள்வதற்குத் தண்டவாள முனைகளுக்கிடையே சிறு இடைவெளி விடுங்கள். குளிர்ந்த காலையில் இடைவெளியின்றி முட்டவைத்து முடுக்கிய பாதை, கோடை நண்பகலில் பாம்பு போல வளைந்துவிடும்.

பெட்டிகளைப் பொறுத்தவரை, சுற்றுவட்டார வீட்டுத் தோட்டங்களை விசாரியுங்கள். இந்தப் பாதையின் பழைய பெட்டிகள் சில தோட்டக் கொட்டகைகளாகவே பிழைத்திருந்தன. அவற்றை மீட்டுப் புதுப்பித்துத்தான் இன்று பயணிகளை ஏற்றுகிறார்கள். கூரை ஒழுகிய பெட்டியானாலும், கதவு, சன்னல் சட்டம், சுவர்ப்பலகை என எதையும் எறிந்துவிடாதீர்கள். உளுத்த மரமும் தச்சருக்கு அச்சாகப் பயன்படும். பெயர்த்தெடுக்கும் முன்பே ஒவ்வொன்றிலும் எண் எழுதிப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.