எல்லாவற்றையும் எழுதிவிட்டு வடிகட்டுங்கள்

புதிரை ஷீட்டில் போடு என்றால், ஒரே கட்டத்தில் விடை வந்து நிற்கிற மாதிரி முழ நீள ஃபார்முலாவைத் தேடுகிறார்கள் பலர். எனக்கு அது ஒத்துவராது. நாளெல்லாம் எக்செலில் கணக்குப் பார்க்கிறவன் நான். என் வழி முரட்டு வழி. இருக்கக்கூடிய விடைகளையெல்லாம் வரிசையாக எழுதிவிடுவேன். எது தேறுகிறது என்பதை ஃபார்முலா பார்த்துக்கொள்ளும்.

பழைய புதிர் ஒன்று: 2, 3, 4, 5, 6 எதால் வகுத்தாலும் மீதி 1, 7-ஆல் வகுத்தால் மீதியே இல்லை. எந்த எண்? (கீழே எல்லாமே தமிழ் எழுத்தில் இருக்கும்; ஷீட்டில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

பி1 முதல் ஜி1 வரை 2 முதல் 7. ஏ2-விலிருந்து கீழே 1 முதல் 1000. பி2-வில் =மாட்($ஏ2,பி$1) என்று போட்டு, ஜி வரைக்கும் இழுத்து, அப்புறம் கீழே இழுங்கள். மாட் வகுத்து மீதியைத் தரும். டாலர் எதன் முன்னால் நிற்கிறதோ அது இழுக்கும்போது நகராது: $ஏ என்றால் நெடுவரிசை அசையாது, $1 என்றால் வரிசை அசையாது. இந்த இரண்டும் இடம் மாறினால் ஆறாயிரம் கட்டமும் குப்பைதான். அதனால் ஒரு கட்டத்தையாவது மனக்கணக்கில் சரிபாருங்கள்: 10-க்கு நேரே, 4-க்குக் கீழே, 2 இருக்க வேண்டும்.

ஹெச்2-வில் =ஆண்ட்(கவுண்ட்இஃப்(பி2:எஃப்2,1)=5,ஜி2=0). கவுண்ட்இஃப் அந்த ஐந்து கட்டத்தில் எத்தனை 1 என்று எண்ணும்; ஆண்ட் இரண்டு நிபந்தனையும் தேறினால் மட்டும் ட்ரூ (சரி) என்று காட்டும். கீழே இழுத்து, ட்ரூ வந்தவற்றை மட்டும் ஃபில்டர் செய்தால் 301, 721 இரண்டும் நிற்கும். மூளையைக் கசக்கியிருந்தால் 301 கிடைத்ததுமே பேனாவை மூடியிருப்போம்.

இதே வித்தை அலுவலகத்திலும் உதவும். பத்து பில் பாக்கி. வாடிக்கையாளர் எதற்கென்று சொல்லாமல் ஒரு தொகையை அனுப்பியிருக்கிறார். எந்தெந்த பில்லைக் கூட்டினால் அது வரும்?

பி1 முதல் கே1 வரை பில் தொகைகள், அவற்றின் கீழே 1, 2, 4, 8 என இரட்டித்து 512 வரை. எம்1-ல் வந்த பணம். ஏ3-லிருந்து 0 முதல் 1023. பி3-ல் =மாட்(இன்ட்($ஏ3/பி$2),2). இன்ட் தசமப் பகுதியை வெட்டிவிட்டு முழு எண்ணைத் தரும். இதைக் கே வரை இழுத்தால் 0, 1 நிரம்பும்: 1 என்றால் அந்த பில் சேர்த்தி, 0 என்றால் இல்லை. 1024 வரிசையில் எல்லாச் சேர்க்கையும் வந்துவிடும். எல்3-ல் =சம்ப்ராடக்ட்(பி$1:கே$1,பி3:கே3). இது ஒவ்வொரு பில் தொகையையும் அதற்கான 0 அல்லது 1-ஆல் பெருக்கிக் கூட்டிவிடும். எம்3-ல் =ரவுண்ட்(எல்3-எம்$1,2)=0. ரவுண்ட் இரண்டு தசம இடத்தோடு நிறுத்திவிடும். எல்லாவற்றையும் கீழே இழுத்து ட்ரூவை வடிகட்டுங்கள். ரவுண்ட் இல்லாமல் நேராக ஒப்பிட வேண்டாம். தசமத் தொகைகளைக் கம்ப்யூட்டர் இரும எண்ணில் வைப்பதால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் வந்து, சரியான விடையும் நழுவலாம். இரண்டு மூன்று சேர்க்கை பொருந்தினால் எது என்று ஷீட்டுக்குத் தெரியாது, வாடிக்கையாளரைத்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு பில் கூடும்போதும் வரிசைகள் இரட்டிக்கும். 20 பில்லுக்கு 10,48,576 வரிசை. எக்செல் ஷீட்டில் இருப்பதே அவ்வளவுதான், தலைப்புக்குக்கூட இடம் மிஞ்சாது. அப்போது வந்த பணத்தைவிடப் பெரிய பில்களை முதலில் தூக்கிவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் எக்செலோடு வரும், விடையைத் தானே தேடும் துணைக்கருவியான சால்வர் ஆட்-இன்னைத் திறக்க வேண்டியதுதான்.